பாதிரியார் படத்துக்குப் பொன்னாடை

எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைவர் குலேந்திரன் பொன்னாடை போர்த்தாத ஆள் பிரெஞ்சு பேசும் இந்த ஏரிக்கரை ஊரில் குறைவு. பஸ்ஸில் டிக்கெட் பார்க்க வருபவர்தான் இன்னும் தப்பித்திருக்கிறார். இந்த முறை அவர் கை ஒரு படத்துக்கு நீண்டது.

சனிக்கிழமை வகுப்புக்கு மண்டபம் தருவது ஆங்கிலிக்கன் தேவாலயம். அங்கே ஒரு காலத்தில் இருந்த பாதிரியாருக்கு இருநூறாவது பிறந்தநாளாம். இங்கே வருமுன் அவர் தென்கடல் தீவொன்றுக்கு முதல் வெள்ளைக்காரக் குடியேறிகளோடு கப்பலேறியவர் என்று இப்போதைய பாதிரியம்மா பெருமையாகச் சொன்னார். விழாவில் அந்தப் பழைய பாதிரியார் படத்துக்குப் பொன்னாடை போர்த்தும் வேலையைக் குலேந்திரன் மூத்த ஆசிரியை சிவமலரிடம் கொடுத்தார்.

சிவமலர் என் பக்கத்து வீடு. விழாவைப் பற்றிப் பேசக் குலேந்திரன் அங்கே வந்தார். நான் ஒட்டுக்கேட்கிறவள் அல்ல, சுவர்தான் மெல்லியது.

“அண்ணை, அந்தாள் தீவுச் சனத்தைக் கலைச்சுப்போட்டு வேலி போட்ட காணியளுக்கு ஜெபம் சொன்னவர். கேக்க வந்தவைக்குச் சவுக்கடித் தீர்ப்புச் சொன்ன நீதவானும் அவர்தான். நான் போர்த்த மாட்டன்.”

“அது எந்தக் காலத்துக் கதை, ரீச்சர். மண்டபம் போனா பிள்ளையளை எங்க இருத்துறது? உங்கட வீட்டுக் குசினியிலயோ?”

“பலாலியில என்ர காணி இண்டைக்கும் ஆமியின்ர முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்கு. அதுவும் எந்தக் காலத்துக் கதையோ?”

கதவு சாத்திய சத்தத்தில் என் தேத்தண்ணி சிந்தியது.

ஆனாலும் விழாவன்று சிவமலர் வந்தார். குலேந்திரன் நீட்டிய பொன்னாடையை வாங்கினார். படச்சட்டத்தின் தோளில் சும்மா போடவில்லை. முழுதாக விரித்து, முகம் தெரியாமல் மூடி, பின்னால் முடிச்சும் போட்டார். நம் ஆட்கள் குலேந்திரனைப் பார்த்தார்கள். பாதிரியம்மா மட்டும், என்ன அழகான வழக்கம் என்று கைதட்டினார்.

“ஓம், வழக்கம்தான் எண்டு சொல்லிப்போட்டு இறங்குங்கோ,” குலேந்திரன் பல்லைக் கடித்தார்.

சிவமலர் மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் விளங்கும் பிரெஞ்சில் சொன்னார்: “இது மரியாதை இல்லை. காணி பறிகொடுத்தவள் இந்த முகத்தைப் பார்க்க விரும்பவில்லை.”

கைதட்டல் நின்றது.

மண்டபத்தை யாரும் பறிக்கவில்லை. பறிபோனது சிவமலரின் வகுப்புத்தான், பறித்தவர் குலேந்திரன். வெள்ளைக்காரருக்கு வராத கோபம் நம்மவருக்கு வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் சிவமலர் எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் படிப்பிக்கிறார். வீட்டுக்கொரு நாள் என்ற கணக்கில் அங்கே தோய்க்கச் சனி என்னுடைய முறை. என்னை ஒருவரும் கேட்கவில்லை, நானே விட்டுக்கொடுத்தேன். அழுக்குடுப்பு வீட்டில் குவிந்து கிடக்கிறது.

போன சனிக்கிழமை குலேந்திரன் வந்து எட்டிப்பார்த்தார். “எத்தின பிள்ளையள் வருகுதுகள்?”

“உள்ள வந்து பாருங்கோ அண்ணை,” என்றேன். “பொன்னாடை மட்டும் கொண்டுவராதேங்கோ.”