ஆளில்லாத ஆறு வருடங்கள்

மகள் யதுஷா தன் கலியாணத்துக்குத் தெரிவுசெய்திருந்த மண்டபத்தைப் பார்த்ததும் தில்லைநாதனுக்குத் திக்கென்றது. சுவிஸில், ஃப்ரிபூர்க் பக்கத்துக் கிராமத்துக் கோட்டை. லோசான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நிரந்தர வேலை கிடைக்க முன்னர், அகதியாக அவர் படுத்தெழும்பிய அதே கோட்டை. அந்தக் காலத்தை அவர் மகளிடம் சொன்னதே இல்லை. வெட்கம்தான், வேறென்ன.

கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் மதாம் ரொஷா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஓமத்தைத் தவிர. நெருப்பென்றால் யோசிக்கவேண்டுமாம். ஓமம் இல்லாமல் தாலி கட்டுவதா? தில்லைநாதன் வாயைத் திறக்கப்போனார். நான் கதைக்கிறேன், நீங்கள் பேசாமல் நில்லுங்கள் என்று யதுஷா காதோடு சொன்னாள்.

மாடியில் கணப்புக்கு மேலே சுவர் கரிபிடித்துக் கிடந்தது. பழைய காலத்துப் படைவீரர்கள் சமைத்த அடையாளம், சுரண்டாமல் காப்பாற்றுகிறோம் என்றார் மதாம் பெருமையாக. படைவீரராவது மண்ணாங்கட்டியாவது! உப்புச்சப்பில்லாத முகாம் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போய், புகைபோக்கி அடைபட்டது தெரியாமல், தூள் இடிக்கச் செத்தல் மிளகாய் வறுத்தவர் சாட்சாத் தில்லைநாதனேதான். அன்று கோட்டை முழுக்க இருமியது.

அதையும் விழுங்கிக்கொண்டுதான் இறங்கினார். ஆனால் வாசலில் கோட்டையின் சரித்திரப் பலகை தொங்கியது. பிரபுவின் வீடு, தானியக் களஞ்சியம், பெண்கள் விடுதி. அதற்குக் கீழே: '1986–1991: ஆளில்லை.'

அவருக்குச் சுள்ளென்று ஏறியது.

"ஆள் இருந்தது, மதாம்," என்றார் தெரிந்த பிரெஞ்சில். "நாங்கள் முப்பத்தொரு பேர் இருந்தனாங்கள். அந்தக் கரியும் என்ர வேலைதான்."

யதுஷா தலையில் கைவைத்தாள். இனி ஓமமுமில்லை, மண்டபமுமில்லை.

மிளகாய்க் கதையை முழுதும் கேட்ட மதாம் பலகைக்குக் கிட்டப் போய் அந்த வரியைத் திரும்ப வாசித்தார். பிறகு, அந்த வருடங்களைப் பற்றித் தங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்று சொல்லிப் பேனையை நீட்டினார். முப்பத்தொரு பெயரும் வேண்டுமாம், பலகையைத் திருத்த. ஓமத்தை முற்றத்தில் வைக்கச் சொன்னார். அங்கே கூரை இல்லை, என்னத்தை வறுத்தாலும் பயமில்லையாம்.

படியில் உட்கார்ந்து தில்லைநாதன் எழுதத் தொடங்கினார். முதலில் அறைத்தோழன் தயாபரனின் பெயர். யதுஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபிக்கப்போகிறாள் என்று நினைத்தார்.

"அப்பா, உங்கட யன்னல் எது?"

அவர் கையை உயர்த்திக் காட்டினார்.