இடது முன்சக்கரத்தில் ஒரு கிறீச்

கார் கத்துகிறது என்று முதலில் சொன்னவள் என் மனைவி சத்யப்பிரியா. வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பத்து மாதமாகப் புதுக் கார், புதுக் கார் என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தவள் சொன்னால் எப்படி நம்புவது?

எங்களுடையது இருபது வருடத்துக் கார். ரிட்டயர் ஆகி சொந்த ஊருக்குப் போன ஒருவரிடம் வாங்கியது. பழசுதான், ஆனால் ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை.

"ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் கிறீச் கிறீச்சுனு கத்துது. பல்லு கூசுது. உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள்.

"யார்கிட்ட வந்து காதைப் பத்திப் பேசுற நீ?" என்று எகிறினேன்.

எகிற எனக்கு உரிமை இருந்தது. பெயர் ஜெயப்பிரகாஷ். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரமாக நடந்து, பெல்ட்டைத் தாங்கும் ரோலர்களின் சத்தத்தைக் கேட்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. பேரிங் போகப்போகிற ரோலர் முதலில் கீச்சென்று கத்தும். உடனே நம்பரை எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். விட்டால் ஒரு நாள் இறுகி நின்றுவிடும். நின்ற ரோலர்மேல் பெல்ட் தேய்ந்து தேய்ந்து சூடு ஏறும். சுற்றிலும் நிலக்கரிப் பொடி. ஒரு பொறி போதும். அதுவும் கீழ்வரிசை ரோலர்கள் பொடியில் புதைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. காதை நம்பித்தான் பிழைப்பு. ஷிஃப்டில் எனக்குப் 'பாம்புக்காது' என்றே பெயர்.

"நீங்க தெருமுனை திரும்பும்போதே பக்கத்து வூட்டு பெரியநாயகியம்மா, 'உங்க வூட்டுக்காரர் வந்துட்டார்மா, கார் கத்துது பாரு'ன்னு சொல்றாங்க" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துக்கினு என்னைக் கிறுக்கனாக்கப் பாக்குறீங்களா?"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு வாரம் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றினேன். கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்து, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கராக ஏறி இறங்கினேன். சீட்டைத் தட்டினேன், டேஷ்போர்டை ஆட்டினேன், டிக்கியில் கிடந்த ஜாக்கியைத் தூக்கி வெளியே வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. நடந்து போனவர்கள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குள் ஏதோ ஒன்று சில்லிட்டது. அதையும் கோபம் என்றே நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எனக்கு வார ஆஃப். காலையில் மந்தாரக்குப்பம் மெக்கானிக் வேணுவிடம் போனேன். அவன் காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கி விட்டான்.

"கேக்குதுங்களா சார்?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு வேணு மூச்சு வாங்குவது கேட்டது. ரோட்டில் பஸ் போவது கேட்டது.

"கேக்குது, கேக்குது" என்றேன்.

"முன்னாடி லெஃப்ட் சைடு ரப்பர் புஷ் காஞ்சு போயிருக்குதுங்க. மாத்திட்டா சரியாயிடும்."

நான் வடலூர் வரை ஒரு வேலையாகப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பினேன். கார் அதே இடத்தில் நின்றது. வேணு மறுபடியும் அமுக்கிக் காட்டினான்.

"சுத்தமா நின்னுடுச்சு. கைராசிக்காரன்யா நீ" என்று அவன் முதுகில் தட்டினேன்.

வேணு அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"சார், நான் இன்னும் கழட்டவே இல்லைங்க. புஷ்ஷு பண்ருட்டியிலேர்ந்து பஸ்ஸுல வந்துக்கினு இருக்குது. முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா கத்துதேன்னு காட்டத்தான் அமுக்கினேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எங்கப்பாவும் மைன்ஸ்ல டிரில்லிங்ல இருந்தவர்தாங்க. பேச்செல்லாம் நல்லா கேக்கும். மெல்லிசு சத்தம், கீச்சு சத்தம் இதான் முதல்ல போச்சு. அவருக்கே தெரியல. ஒருக்கா ஆஸ்பத்திரில காட்டுங்க சார்."

"வாயை மூடிக்கினு உன் வேலையப் பாருடா!" என்று கத்திவிட்டு, காரை அங்கேயே விட்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் மரங்களில் சாயங்காலமானால் சில்வண்டு காதைத் துளைக்கும். கடைசியாக எப்போது கேட்டேன்? கொசு மருந்து அடித்து எல்லாம் செத்துப்போயிற்று என்றல்லவா இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்! போன வருடம் காது டெஸ்ட்டில், டெஸ்ட் எடுத்த பெண் சத்தம் எழுப்பும் பட்டனை அமுக்குவது கண்ணாடியில் தெரிந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அவள் அமுக்கும்போதெல்லாம் கையைத் தூக்கிவிட்டு வந்தேன். அடப்பாவி, யாரை ஏமாற்றினேன்? இரண்டு வருடமாக என் செக்‌ஷனில்தான் ரோலர் கம்ப்ளெயின்ட் ரொம்பக் குறைவு. அதற்காக இன்ஜினியர் கைகொடுத்தார். வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன்.

அந்த பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிப் போடுவது நான்கு கான்ட்ராக்ட் ஆட்கள். அதில் ஒருவன் செல்வகுமார், சத்யப்பிரியாவின் தம்பி. நான்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டேன். இந்த வாரம் அவனுக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். உள்ளே போன் எடுத்துப் போகக் கூடாது.

"ஆட்டோவை மைன்ஸுக்குத் திருப்பு" என்றேன்.

கேட்டில் எதையோ சொல்லி உள்ளே போய்ச் சேரும்போது மணி மூன்றரை. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. செல்வகுமார் அடியிலிருந்து மண்வெட்டியோடு வெளியே வந்தான்.

"என்ன மாமா, ஆஃப் அன்னிக்கு வந்திருக்கீங்க?"

"செல்வம், எந்த ரோலர் கத்துதுன்னு கேட்டுச் சொல்லு."

"எனக்கு டெஸ்ட் வைக்கிறீங்களா?" என்று சிரித்தான்.

"சொல்லித் தொலைடா!"

சிரிப்பு போயிற்று. தலையைச் சாய்த்துக் கேட்டான். "இது கத்துது. அதுவும் கத்துது. அந்தாண்ட மூணு, நாலு. அதோ அது போன மாசத்திலேர்ந்து கத்திக்கினு இருந்துச்சு. நேத்திலேர்ந்து கம்முனு இருக்குது."

"எது?"

"இப்ப நான் உள்ள பூந்து வாரிக்கினு இருந்தனே, அதுதான்."

ஓடிப்போய்க் குனிந்து, பொடிக்கு மேலே கையைக் காட்டினேன். அனல் அடித்தது. புகை நாற்றமும் வந்தது.

"இத்தனை நாளா ஏன்டா சொல்லல?"

"உங்களாண்ட எதுக்கு மாமா சொல்லணும்? தினம் பக்கத்துலயே நடந்து போறீங்க. மாமா ஒண்ணும் சொல்லல, பயமில்லன்னுதான் நாங்க நாலு பேரும் தலையை உள்ள வுடுறோம்."

பெல்ட் ஓரத்தில் போகும் ஆபத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பெல்ட் நின்றது. தூணில் இருந்த போன் அடித்தது. என்ன ஆயிற்று, யார் நிறுத்தியது என்று கன்ட்ரோல் ரூமில் கத்தினார்கள்.

"ஜெயப்பிரகாஷ் பேசறேன் சார். ஒரு ரோலர் இறுகிப் புகையுது, தண்ணி வண்டி அனுப்புங்க. இன்னும் எத்தனை இறுகியிருக்குன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா எனக்கு ரோலர் சத்தம் கேக்கல. எல்லாம் சரின்னு ரிஜிஸ்டர்ல நான் போட்ட கையெழுத்து ஒண்ணையும் நம்பாதீங்க."

திரும்பினேன். செல்வகுமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, "எல்லாரும் வெளிய வாங்க, சீக்கிரம்!" என்று அலறினான். ஒருவர் பின் ஒருவராகக் கரிப்பொடி அப்பிய முகத்தோடு மூன்று பேர் தவழ்ந்து வந்தார்கள். என்னைத் தாண்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினான். நான் இரண்டு முறை கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.