இடது பக்கம் மூன்று விரல்

காலை ஆறே முக்காலுக்கு ஜம்பு இன்சுலின் ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு சுண்டு சுண்டினார். உள்ளேயிருந்த காற்றுக் குமிழி சொன்ன பேச்சைக் கேட்டு மேலே ஏறியது. சந்திரம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று வாய்விட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். தொப்புளுக்கு இடது பக்கம் மூன்று விரல் தள்ளி, எட்டு மாதமாகக் குத்துகிற அதே இடத்தில் ஜம்பு குத்தினார்.

"போட்டாச்சா?"

"போட்டு எடுத்தும் ஆச்சு."

"ஒண்ணுமே தெரியலய்யா. எறும்பு கூட இத விட நல்லா கடிக்கும்."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் மனுஷன் தினமும் காத்திருப்பார். மனைவிக்குத் தெரியாமல் மீசையைத் தடவிக்கொள்வார். தெரியாமல் என்று சொல்வதே தப்பு, அவளுக்குத்தான் இப்போது எதுவும் சரியாகத் தெரிவதில்லையே. இரண்டு கண்ணிலும் புரை. எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பது வரைக்கும் தெரியும், அதற்கு மேல் குரலை வைத்துத்தான்.

ஜம்புவின் பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஊசி போடுகிற வேலைதான், சுவருக்கு. டெல்லியில் எந்தப் பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் கசிந்தாலும் இன்ஜினியர்கள் "இஞ்செக்ஷன்வாலே பையாவைக் கூப்பிடு" என்பார்கள், ஊசிக்கார அண்ணன் என்று அர்த்தம். விரிசலை ஒட்டிச் சாய்வாக ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் நிப்பிள் என்கிற விரல் நீளக் குழாயைச் சொருகி, பம்பை வைத்துக் கசிவை அடைக்கிற மருந்தை ஏற்ற வேண்டும். மற்ற ஆட்கள் சுவரைச் சல்லடையாக்கிவிட்டுப் போவார்கள். ஜம்பு அப்படியில்லை. பத்து ஓட்டை போடுகிற இடத்தில் நாலோடு முடிப்பார். "ஓட்டை போடுறதும் காயம்தான். இருக்கிற ஓட்டையில வேலை முடியும்போது புதுசா ஒண்ணு எதுக்கு?" என்பார். அவர் வேலை பார்த்த சுவர் ஒழுகியதாக இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

ஆகவே, முதன்முதலில் இன்சுலின் எழுதிக் கொடுத்தபோது, தினமும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் இந்தியில் தெளிவாகச் சொன்னது அவர் காதில் தெளிவாகவே விழுந்தது. ஊசி போடுவதைப் பற்றி இவர்கள் நமக்குச் சொல்வதா என்று நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பெண்டாட்டியின் வயிற்றை அவர் சல்லடையாக்கத் தயாராக இல்லை.

கண் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்து, சர்க்கரை இறங்கவில்லை என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புரை முற்றிக்கொண்டே போகிறது, இன்னும் தள்ளினால் சிக்கல் என்றும் சொல்லியிருந்தார்கள். டெல்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் இருந்த காலத்தில் மூன்று வீடுகளுக்குச் சமைத்துப் போட்டவள் சந்திரம்மாள். கேம்ப்பை இடித்து, ஊரின் கோடியில் நரேலாவில் ஃபிளாட் கொடுத்த பிறகு, வீடு மட்டும் மூன்று மாடி ஏறியது, அவளுக்கு அடுப்பில் தீ எரிகிறதா என்பதே கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரிந்தது. மூன்றாவது முறையாக ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்தது இந்த மாதம் பதினேழாம் தேதி. அன்றைக்குச் சர்க்கரை இருநூறுக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

அதே மாதம் இரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். முன்னூற்றுப் பன்னிரண்டு.

டாக்டர் மருந்தின் அளவை இருபத்தெட்டிலிருந்து முப்பத்து நாலாக ஏற்றி எழுதிவிட்டு, எதற்கும் ஊசி போடுகிற இடத்தை நர்ஸிடம் காட்டச் சொன்னார். நர்ஸ் ஸ்நேகா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இடது பக்கம் கையை வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அங்கிள், யே க்யா ஹை, என்ன இது? டெய்லி இங்கேயேவா போடறீங்க?"

"ஒரே இடம் சிஸ்டர்," என்றார் ஜம்பு நெஞ்சை நிமிர்த்தி. "எட்டு மாசம். ஒரு குத்து கூட தள்ளிப் போனதில்ல. வலிக்குதான்னு அவளையே கேளுங்க."

"வலிக்காது அங்கிள். கட்டியாயிடுச்சுல்ல, அங்கே வலிக்காது. அதான் ப்ராப்ளமே." அவருடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். தோலுக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஏதோ இருந்தது. "மருந்து இதுக்குள்ளயே நின்னுடுது. ப்ளட்ல சரியா போகவே இல்ல."

சுவரிலும் இப்படித்தான் என்று ஜம்புவுக்கு உறைத்தது. பழைய மருந்து இறுகிப்போன ஓட்டையில் பம்பை வைத்தால் உள்ளே ஏறாது, மீட்டர் முள் எகிறும். கற்றுக்கொள்ள வந்தவனுக்குக் கூட முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கொஞ்ச நாளாக ஊசி லேசில் இறங்காமல் கட்டைவிரலை எதிர்த்தது அவருக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது. அவர் என்ன செய்தார்? இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

ஸ்நேகா மறுபடி டாக்டரிடம் ஓடிப் போய் அளவை இருபத்திரண்டாகக் குறைத்து வாங்கி வந்தாள். "புது இடத்துல மருந்து ஒழுங்கா ஏறும், அங்கிள். சுகர் சட்டுனு இறங்கலாம். ஆன்ட்டிக்குக் கை நடுங்கினா, வேர்த்துச்சுன்னா ஜல்தி சக்கரை குடுங்க."

நரேலா பஸ் பாதி வழி வந்துவிட்டது. ஜம்பு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"கட்டி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"என் வயிறு எனக்குத் தெரியாதா? குளிக்கும்போது கையில தட்டுமே."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீ அம்மாம் பெருமையா இருந்தியேய்யா. கேம்ப்பு போனதுல இருந்து உன் மூஞ்சில வேற எதுக்கு சிரிப்பு வந்துச்சு? குரல்லயே தெரியும் எனக்கு." பிறகு, "வலிக்கலயேன்னு நானும் விட்டுட்டேன்" என்றாள்.

ஜம்புவுக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் துடைக்காமல் விட்டார். அவள் கையை நீட்டித் தேடி, தன் முந்தானையை அவர் மடியில் போட்டாள்.

மறுநாள் காலை அவர் சுவரில் குறி போடுகிற பென்சிலை எடுத்து வந்தார். கட்டியை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளியில் வரிசையாகப் புள்ளி வைத்தார்.

"கோலம் போடப் போறியா?"

"ஆடாம இரு. ஒரு நாளைக்கு ஒரு புள்ளி."

கணக்காகத்தான் வைத்திருந்தார். ஆனால் ஊசியை எடுத்ததும் கை நின்றுவிட்டது. எத்தனையோ மாடிக் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குகிற சுவரில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை போட்டவர், வலது பக்கத்து முதல் புள்ளிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ், சுவரு எங்கயும் போயிடாது. குத்து."

குத்தினார். ஊசி தடையே இல்லாமல் இறங்கியது.

"ஆ! பாவி!" சந்திரம்மாள் அவர் தோளில் பளாரென்று ஒன்று வைத்தாள். புள்ளியின் மேல் கடுகளவு ரத்தம்.

"வலிக்குதா?"

"வலிக்காம?"

"அச்சா," என்றார் ஜம்பு. அந்த அடி அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வேலைக்குப் போகவில்லை. அவளைப் பக்கத்திலிருந்து இட்லி சாப்பிட வைத்தார், சர்க்கரை டப்பாவைக் கட்டில் மேலேயே வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் நெற்றியைத் தொட்டு வேர்க்கிறதா என்று பார்த்து, அதற்கும் திட்டு வாங்கினார். பதினேழாம் தேதிக்கு இன்னும் பதினாலு நாள், பதினாலு புள்ளி என்று சொல்லிக்கொண்டார். பத்தரை மணிக்கு அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"எனக்குத் தெரியல. நடுங்குதா பாரு."

ஜம்பு அந்தக் கைகளைத் தன் கைகளில் ஏந்திப் பார்த்தார். நடுக்கம் இருந்தது. அது அவள் கையிலா தன் கையிலா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் சர்க்கரையை அவள் வாயில் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஸ்பூனைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பி, வாய் நிறைய இனிப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.