ஆம்பள இல்லாத வண்டி

விடிவதற்குள் கெசியா நாலு மாடுகளையும் நுகத்தில் பூட்டி, வண்டியை வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அமெரிக்காவின் மேற்கே ஓரிகனுக்குக் குடியேறப் போகும் பன்னிரண்டு கூண்டு வண்டிகளில் இன்று அவள் முறை. இன்று முன்னால் போகிற வண்டி நாளைக்குக் கடைசிக்குப் போகும், அடுத்தது முன்னுக்கு வரும். புறப்பட்ட அன்றே எல்லாரும் சேர்ந்து போட்ட கட்டு. கடைசி வண்டிக்குப் பதினொரு வண்டிப் புழுதியும் தொண்டையில்தான்.

புருஷன் எபன் காலராவில் போனதிலிருந்து பதினேழு நாளாக அவளுக்குக் கடைசி இடம். வண்டிக்குள் நாலு வயது மகள் டோர்க்கஸ் இருமி இருமி மண்ணாகத் துப்பினாள். ஈரத்துணி கட்டியும் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. புருஷனைக் கொடுத்தது போதாதா, இவளையும் கொடுக்கணுமா?

வண்டிக் கூட்டத்தின் கேப்டன் ஹார்லன் காபிக் குவளையோடு வந்தார்.

“ஏம்மா, இடம் மாறி நிக்கிறியே?”

“இன்னைக்கு என் முறை.”

“ராக்காவல் நிக்கிற வண்டிக்குத்தான் முறை. உன் வண்டியில ஆம்பள யாரு இருக்கா?”

“நான் நிக்கிறேன்னு மூணு தடவ கேட்டேன், சிரிச்சீங்க. ஆத்துல வண்டி இறக்குனப்ப ஆம்பள எங்கேன்னு யாரும் கேக்கல. அந்தக் காபி கொதிச்சதும் நான் பொறுக்குன எருமை வறட்டியிலதான்.”

“வாய் நீளுது. பின்னால போ.”

“போனா பிள்ள செத்துரும். போமாட்டேன்.”

ஹார்லன் மிச்சக் காபியைத் தரையில் கொட்டினார். “சுத்திப் போங்கடா. பொம்பளைக்குப் பின்னால போற அளவுக்கு நமக்குக் கேடு வரல.”

பதினொரு வண்டிகளும் தடத்தை விட்டு இறங்கி, புதரை நசுக்கிக்கொண்டு அவளைத் தாண்டின. புழுதி சுவராக எழுந்தது. கெசியா பிள்ளையின் முகத்தில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, தடத்தை விடாமல் மாடுகளை ஓட்டினாள்.

கால் மைல்கூடப் போகவில்லை. முன்னால் போன கேப்டன் வண்டியின் பின்சக்கரம் எலிவளையில் இறங்கி, ஆரக்கால்கள் முறிந்தன. பின்னால் வந்த பத்து வண்டியும் புதருக்குள்ளேயே நின்றது.

“சக்கரம் மாத்துற வரைக்கும் ஒரு வண்டியும் நகரக்கூடாது,” என்றார் ஹார்லன். தடத்தில் வந்துகொண்டிருந்தவளைப் பார்த்தார். “உனக்குந்தான் கெசியா, நில்லு.”

அவள் நடையைக் குறைக்கவில்லை.

“அன்னைக்கு எபனைப் புதைச்சு அரை மணி ஆகல. ஓநாய் தோண்டாம இருக்கட்டும்னு அவர் குழி மேலயே பன்னெண்டு வண்டியையும் ஓட்டவெச்சீங்க. பன்னெண்டாவது வண்டிய நான்தான் ஓட்டுனேன். குழிகிட்ட நிக்க ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டேன். நிக்க நேரமில்லன்னு சொன்னது நீங்கதான் கேப்டன்.”

அவள் கோலால் மாட்டைத் தட்டினாள்.

வெறும் தடம் முன்னால் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் டோர்க்கஸ் மூக்கிலிருந்த துணியைத் தானே அவிழ்த்தாள். கெசியா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முறிந்த சக்கரத்தைச் சுற்றிப் பதினொரு ஆண்கள் மண்டியிட்டிருந்தார்கள். எபனுக்கு மண் தள்ள வந்தது இரண்டு பேர்.