முதலில் என் படம்

டுவேன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடி ஆரஞ்சு கையுறைகளை எடுத்துக் கடை மேஜைமேல் வைத்தார்.

"இது எதுக்கு?" என்றாள் கெய்லா. அவளுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் கேமராக்கள் வரிசையாக இருந்தன.

"நோரீனோடது. இதைப் போட்டுக்கிட்டு எந்தக் கேமராவை இயக்க முடியுதோ, அதைத்தான் வாங்கப் போறேன்."

"போன வருஷம் இதைத்தானே நான் சொன்னேன்? உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, கையில புடிச்சுப் பாக்கட்டும்னு. நீங்கதான் அறுபது மடங்கு ஜூம், அறுபது மடங்கு ஜூம்னு குதிச்சீங்க."

"இந்த லூயிஸ்டவுன் ஊர்ல எல்லாரும் சொல்லியாச்சு. நீயும் சொல்லிக்கோம்மா."

இருபது வருடம் அவருடன் தோளோடு தோள் நின்று வேட்டையாடியவள் நோரீன். ஒருநாள் துப்பாக்கியைத் துடைத்துப் பூட்டிவிட்டு, "கொன்னது போதும்" என்றாள். அதன்பிறகு ஆறு இலையுதிர் காலங்கள் அவர் தனியாகத்தான் மலை ஏறினார். போன வருடம் அவளாகவே, "கேமரா ஒண்ணு வாங்கிக் குடு, வரேன்" என்றபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே கடைக்கு ஓடினார். துப்பாக்கிக்குத் தொலைநோக்கி வாங்குகிறவர் பார்க்கிற ஒரே விஷயத்தைத்தான் அங்கேயும் பார்த்தார். எதில் பெரிய எண் போட்டிருந்ததோ, அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணை வைத்துப் பார்க்கும் துளை அதில் இல்லை, வெறும் திரைதான். பனி வெளிச்சத்தில் அந்தத் திரையில் நோரீனுக்குத் தன் முகம்தான் தெரிந்தது.

மலை ஏறும் முன்பு, ட்ரக்கில் காபி குடிக்கும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"முதல்ல என் படம். அப்புறம் உன் குண்டு. சரியா?"

"சரி" என்று கைகொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை, பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து அந்த எல்க் மான் வெளியே வந்தது. பக்கத்துக்கு ஆறு கிளைகள் விட்ட கொம்பு. ஆண் எல்க் சுடும் அனுமதிச் சீட்டுக்காக எட்டு வருடம் குலுக்கலில் பேர் போட்டுக் காத்திருந்தவர் டுவேன். நோரீன் கேமராவை நீட்டினாள். லென்ஸ் கரகரவென்று நீண்டது. அவ்வளவு ஜூமில் மான் எங்கே என்றே தெரியவில்லை. திரை முழுக்கப் புல்தான் ஆடியது. அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் சுட்டுவிட்டார்.

இறைச்சியைச் சுமக்க அவள் உதவினாள். ட்ரக்குக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"இருன்னு சொன்னேனே. கேக்கலையா?"

"காத்துல கேக்கலை நோரீன். சத்தியமா."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இந்த வருடக் குலுக்கலில் என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

கடையில் கெய்லா, அவர் மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்திருந்த பழைய கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். "இதை நாங்க எடுத்துக்கிறோம். கார்டுல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இருக்காது."

"ஒரு வீடியோ இருக்கே. கையுறையோட அழுத்தியிருப்பாங்க, பட்டன் மாறிப்போயிருக்கும்."

தடுப்பதற்குள் ஓட விட்டுவிட்டாள். புல் ஆடியது. நோரீனின் கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்டது. "டுவேன், கொஞ்சம் இரு. எனக்குக் கிடைக்கலை. ஒரே நிமிஷம்." அடுத்து அவருடைய குரல். "முடியாது, போயிடும்."

வெடிச் சத்தம். அதன்பிறகு சாம்பல் நிற வானம் மட்டும், வெகுநேரம்.

ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி, காற்றில் கேட்கவில்லை என்பதை அவரே நம்பத் தொடங்கியிருந்தார். கெய்லா ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கார்டைக் குடும்மா" என்றார்.

பிறகு நோரீனின் கையுறையில் விரல்களைத் திணித்து ஒவ்வொரு கேமராவாக எடுத்து அழுத்திப் பார்த்தார். கடைசியில் எடுத்தது சின்னது. அதன் ஜூம் பழையதில் பாதிகூட இல்லை. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கலாம், சட்டைப் பையில் அடங்கும், உடனே விழித்துக்கொள்ளும். கெய்லா அதன் ஒலியையும் சிவப்பு விளக்கையும் அணைத்துக் கொடுத்தாள்.

வீட்டில் நோரீன் சோக்செர்ரிப் பழங்களை ஜாமுக்காகக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவர் கேமராவையும் கார்டையும் மேஜைமேல் வைத்தார்.

"நீ சொன்னது அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு நோரீன்."

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "தெரியும். வீட்டுக்கு வந்த அன்னிக்கே போட்டுப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். குளிர்காலம் பூரா அந்தக் கறியைத்தானே சமைச்சுப் போட்டேன்? ஒவ்வொரு தட்டு வைக்கும்போதும், இன்னிக்குச் சொல்லிடுவான்னு நினைப்பேன். நீ உப்பு கேப்பே."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கையுறை மாட்டி, புதுக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வேலிமேல் ஒரு மேக்பை பறவை உட்கார்ந்திருந்தது. சத்தமே இல்லாமல் படம் விழுந்தது. பறவை அசையவில்லை.

"நல்லாப் பாத்து வாங்கியிருக்கே."

"அப்போ இந்த வருஷம்..."

"நான் போறேன். நீ கீழ ட்ரக்லயே இரு."

வேட்டைப் பருவத்தின் முதல் நாள் காலை, டுவேன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். சரிவில் ஏறிய நோரீனின் ஆரஞ்சு மேல்சட்டை புள்ளியாகி, மரங்களுக்குள் மறைந்தது. தூரத்து முகட்டில் யாரோ சுட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

அவளுக்கு ஊற்றி வைத்த காபி ஆறிவிட்டது. அவர் அதைக் கீழே கொட்டிவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து சூடாக இன்னொரு கோப்பை ஊற்றி வைத்தார்.