உயிரோடிருப்பவருக்குச் சாய்ந்த எழுத்து

ராயபுரத்தில் ஒருவர் செத்தால் முதலில் பாதிரியாருக்குச் சொல்வார்கள், அடுத்து ஜானட்டுக்கு. நினைவு அட்டை அடிப்பது அவள் கடையில்தான். இறந்தவரின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அந்தச் சாய்ந்த எழுத்தில் போடுவாள். நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்ட சாய்வு இல்லை அது. பேனாவால் எழுதியதுபோல மெல்லிசும் தடிப்புமாக, முனைகளில் சின்னச் சின்னக் கொக்கியோடு, ‘எஃப்’ கூட வரிக்குக் கீழே வாலைத் தொங்கவிட்டு நிற்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவையே ஏசிய மனிதரும் அந்த எழுத்தில் கனவானாகிவிடுவார்.

அந்த எழுத்தைத்தான் மகள் சாராவின் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயருக்குப் போட்டாள், மகா புத்திசாலி. அண்ணன் அருள்பிரகாசம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் உலகப்போர் அளவுக்குப் பெரியது: ஜானட் மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவில் குடும்பப் போட்டோவுக்குத் தன்னைக் கூப்பிடவில்லையாம். தாய்மாமன் மாலை போடாமல் சாரா எப்படிக் கோயிலுக்குக் கிளம்புவாள்? அந்தத் தவிப்பில், பத்தொன்பது உறவுக்காரர்களை நேர் எழுத்தில் நிறுத்திவிட்டு அண்ணனை மட்டும் சாய்த்து அழகு பார்த்தாள். முதலில் அடித்த ஐம்பது பத்திரிகை துறைமுகத்து ஆட்களுக்குப் போனது.

மூன்றாம் நாள் காலையில் அண்ணனே கடை வாசலில் நின்றார். கையில் ரோஜா மாலை.

“இன்னா மே, என்னைய சாவடிச்சிட்டியா? ஜொரம்னு ரெண்டு நாள் லீவு போட்டேன். கூட கிரேன் ஓட்டுற தங்கப்பாண்டி பத்திரிகையப் பாத்துட்டு மாலையோட வூட்டாண்ட வந்து நிக்கிறான். கதவத் தொறந்ததே நான்தான். அப்பவும் நம்ப மாட்டேன்றான்!”

ஜானட்டுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. “அது நல்ல எழுத்துண்ணா. கௌரவமா கீதேன்னுதான் போட்டேன்.”

“பத்தொம்பது பேரு உயிரோட கீறான், நான் மட்டும் பொணம். இதான் உன் கௌரவமா?”

“சரிண்ணா, மாத்திடறேன்.”

கம்ப்யூட்டரில் அவர் பெயரையும் நிமிர்த்தினாள். அவ்வளவுதான், கூட்டத்தில் பெரிய மனிதர் காணாமல் போனார். அருள்பிரகாசம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன்னையே தேடினார். கடைசியில் லூர்துக்கும் டெரிக்குக்கும் நடுவில், ரேஷன் கடை வரிசையில் நிற்பவரைப் போல அகப்பட்டார்.

“இது நானா?”

“நீதாண்ணா.”

திரையைக் கொஞ்ச நேரம் முறைத்தார். “பழசையே போடு.”

“நீ செத்துப்பூட்டேன்னு ஊரே பேசுமேண்ணா?”

“பேசட்டுமே. கல்யாணத்தன்னிக்கு மொத வரிசைல வந்து குந்திக்கிறேன். எவன் பேசுறான்னு பாத்துக்கலாம்.”

ஜானட் அழுதேவிட்டாள். “வரேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு நீ ஒரு தபா செத்துட்டு வரணுமாண்ணா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அழுவாத மே. எழுத்த இன்னும் கொஞ்சம் பெர்சா போடு.”