பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே அடுப்பு

குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவளுக்கு 'நொட்டை' என்று பட்டப்பெயர் வைத்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கணினி விளையாட்டு தயாரிக்கும் அந்த அலுவலகத்தில், கதாநாயகன் சுவருக்குள் சிக்கிக்கொள்கிறானா, பூட்டிய கதவு தானாகத் திறக்கிறதா என்று ஆடிப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. எட்டு வருடமாகச் சளைக்காமல் நொட்டை சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் திருத்தினார்கள். ஒன்றை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதிய விளையாட்டின் மூன்றாம் கட்டம் ஒரு நூல் ஆலை வேலைநிறுத்தம். நாற்பது வருடங்களுக்கு முன் அலுவலகம் இருக்கும் அதே ஊரில் நிஜமாக நடந்தது. ஆடுகிறவர் தொழிலாளர் பக்கம். பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி ஒன்பதாம் நாள் பசி தாங்காமல் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். யார் எப்படி ஆடினாலும் தோற்கிற மாதிரிதான் செய்திருந்தார்கள்.

"ஒம்பது நாள் இல்ல, நாப்பத்தோரு நாள். தோக்கவும் இல்ல. எங்கம்மா அதுல இருந்தாங்க" என்றாள் நொட்டை.

அணித்தலைவனைக் கேப்டன் என்பார்கள். கெட்டவன் இல்லை. ஆனால் அச்சில் ஏறியதுதான் அவனுக்கு உண்மை. "அம்மா சொன்னாங்கன்னு சரித்திரத்த மாத்த முடியுமா? ஆதாரம் இருந்தா கொண்டா. வெள்ளிக்கிழமை இந்தக் கட்டத்த முடிச்சுடுறோம்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாடப்புத்தகத்தையாவது பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இதை லட்சக்கணக்கான பேர் ராப்பகலாக ஆடுவார்கள். அத்தனை பேரும் தங்கள் கையாலேயே அம்மாவைத் தோற்கடிப்பார்கள்.

வியாழக்கிழமை, விளையாட்டே தெரியாத ஐந்து பேரை வரவழைத்து ஆடவிடுவதாக ஏற்பாடு. ஆடுகிறவர் மனதில் பட்டதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். தயாரித்தவர்கள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள், ஒலிபெருக்கியில் கேட்பார்கள். உதவிக்குப் போகக்கூடாது. ஐந்தில் ஒருவர் வரவில்லை என்று தெரிந்ததும் நொட்டை வீட்டுக்குப் போன் போட்டாள்.

வாய்விட்டுச் சொல்வதற்கு, வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

"இத இப்படி நகத்தணுமா? சரி. அடடே, நம்ம ஆலை! தொழிலாளிங்க இருந்த பன்னெண்டு வீட்டையும் அப்படியே வரைஞ்சிருக்காங்களே. ஆனா என்ன இது, பன்னெண்டு அடுப்பு எரியுது? வேலையே இல்லாத நேரத்துல விறகு என்ன ஓசியிலயா வருது?"

சொல்லிக்கொண்டே பதினொரு வீட்டு ஆட்களையும் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டுபோய்க் கடைசி வீட்டில் சேர்த்தாள். அரிசி மூட்டைகளையும் அங்கேயே குவித்தாள். இப்போது ஒரே ஒரு அடுப்புதான் எரிந்தது.

கண்ணாடிக்குப் பின்னால், விளையாட்டின் விதிகளை எழுதியவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்குக் 'கணக்கு' என்று பெயர். "போச்சு! தினம் தலைக்கு இவ்வளவு அரிசி செலவுன்னு போடாம, எரியுற அடுப்புக்கு இவ்வளவுன்னு போட்டுட்டேன். எல்லாரும் ஒரே வீட்டுக்குப் போவாங்கன்னு யாரு கண்டா?"

"பிழைதானே? சாயங்காலமே சரிபண்ணிடு" என்றான் கேப்டன்.

"பிழை இல்ல. அவங்க அப்படித்தான் இருந்தாங்க" என்றாள் நொட்டை. அவள் வாயிலிருந்து 'பிழை இல்லை' என்ற வார்த்தை வந்தது எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஒன்பதாம் நாள் சத்தமில்லாமல் கடந்துபோனது. அம்மா நாட்களைத் தள்ளிக்கொண்டே பேசினாள். "நெசத்துல இவ்வளவு சுலபமா இல்ல, தம்பிங்களா. பாதி நாள் வெறும் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தோம். ஆனா எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ பட்டினி கெடந்தா, ஒருத்தரும் பின்வாசல் வழியா வேலைக்கு நழுவ முடியாது பாருங்க. அதுதான் விஷயமே."

இருபது, முப்பது, நாற்பது. ஆலைக் கிடங்கிலிருந்து தினமும் ஒரு லாரி நூல் வெளியே போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தோராம் நாள் கடைசி லாரியும் போனது. கிடங்கு காலியானால் முதலாளி இறங்கிவந்தாக வேண்டும் என்று ஒரு பேச்சுக்கு விதி எழுதி வைத்திருந்தான் கணக்கு. ஆலை வாசல் அகலத் திறந்தது.

கேப்டன் கணக்கின் பக்கம் திரும்பினான்.

"கிடங்குல இத்தன லோடுன்னு எதப் பாத்துப் போட்ட?"

கணக்கு தன் குறிப்பைத் திறந்து பார்த்தான். "முதலாளி தன் பெருமைய எழுதி அச்சடிச்ச புத்தகத்தப் பாத்துதான். 'வேலைநிறுத்தத்தின்போதும் தினம் ஒரு லோடு தவறாமல் அனுப்பினேன், நாற்பத்தொன்றும் தீரும்வரை' அப்படின்னு இருந்துச்சு. எனக்கு எண்ணிக்கை மட்டும்தானே வேணும், மத்தத நான் யோசிக்கவே இல்ல."

"ஒம்பதாம் நாளே எல்லாரும் திரும்பி வந்துட்டா, நாப்பத்தோரு நாள் வேலைநிறுத்தத்துல எப்படி அனுப்ப முடியும்?" என்றாள் நொட்டை. கேப்டன் கேட்ட அச்சடித்த ஆதாரம் அதுதான். முதலாளியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு, குதித்தும் விட்டாள்.

அதற்குள் ஒலிபெருக்கி அதிர்ந்தது. "ஏன்டி, அங்க யாரு இருக்கீங்க? ஜெயிச்சவங்க எதுக்குத் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு உள்ள போறாங்க?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். தோற்றுத் திரும்புவதற்கு வரைந்த நடை ஒன்றுதான் இருந்தது. ஜெயித்தவர்களும் அதே நடையில் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். "தப்பு எங்களோடதுதாம்மா. நீங்க எப்படிப் போனீங்கன்னு நடந்து காட்டுறீங்களா? அதையே வரைஞ்சுடுறோம்."

படம் வரைகிறவள் ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தாள். அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "தனியாவா? கைகோத்துக்கிட்டில்ல போனோம். வாடி இங்க. தம்பி, நீங்களும் வாங்க. இதுல அரிசி அளந்து போட்ட தம்பி யாரோ, அவரையும் கூப்பிடுங்க."

நான்கு பேராக ஆரம்பித்தது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் வந்து சேர்ந்து, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே வரிசையாகிவிட்டது. சந்தோஷத்தில் நொட்டை நாலடி முன்னால் பாய்ந்தாள். அம்மா அவள் கையைச் சுண்டி இழுத்தாள்.

"மெதுவா நடடி. வாசல்ல முதலாளி நின்னுக்கிட்டிருந்தாரு. ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் அவர் நிதானமாப் பாக்க வேணாமா?"